உப்புக் கரித்த ஆறு

இரண்டு கண்ணாடிக் குவளைகளில் நீர் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டும் தெளிந்த நீரே. நிறமில்லை, நாற்றமில்லை, அடியில் வண்டலும் இல்லை. ஒரு குவளை நீரைப் போன்ற நீரை நாள்தோறும் வாழைக்கன்றுக்குப் பாய்ச்சினால் கன்று தழைத்து வளர்கிறது. மற்றதைப் போன்ற நீரைப் பாய்ச்சினால் இலையின் ஓரம் கருகுகிறது. சில திங்களில் கன்றே பட்டுப்போகிறது. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இவ்விரு நீருக்கும் உள்ள வேற்றுமை யாது? கரைந்திருக்கும் உப்புத்தான் அவ்வேற்றுமை.

நீரின் தெளிவு வேறு, தூய்மை வேறு. இஃது எளிய உண்மைதான். ஆயினும் நம் கொங்கு நாட்டில் ஓர் ஊர் இதனைக் கற்றுக்கொள்வதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சென்றன. அப்படிப்பினைக்கு ஓர் ஆறும், ஓர் அணையும், ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலமும் விலையாயின. அவ்வூர் திருப்பூர், அவ்வாறு நொய்யல். உப்புக் கலந்த ஆலைக் கழிவு நீரைத் தூய்மை செய்யும் கலையின் வரலாற்றை இவ்வூரை நடுவில் வைத்துக் காண்போம்.

வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோயம்புத்தூர், திருப்பூர் வழியாகக் கிழக்கு நோக்கி ஓடி, கரூர் மாவட்டத்தில் தன் பெயரே கொண்ட ஊரின் அருகே காவிரியில் கலப்பது நொய்யல். ஆண்டு முழுவதும் நீர் புரளும் பேராறு அன்று. மழையை நம்பிய சிற்றாறு. முன்னோர் அதன் வழியெங்கும் தடுப்பணைகள் கட்டி, வெள்ள நீரைக் குளங்களில் தேக்கிப் போற்றினர். அதன் வடகரையில் உள்ள கொடுமணல் என்னும் ஊரை அகழ்ந்தபோது, ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே அங்கு இரும்பை உருக்கியதற்கும், மணிகளைப் பட்டை தீட்டியதற்கும் சான்றுகள் கிடைத்தன. எனவே, நொய்யல் கரைக்குக் கைத்தொழில் புதிதன்று. புதிதாக வந்தது ஒரு வகைச் சாயம்.

திருப்பூரில் பனியன் பின்னும் தொழில் 1920களில் சிறிய அளவில் தொடங்கியது. நெடுங்காலம் வெள்ளைப் பனியனே அங்கு மிகுதியாக உருவாயிற்று. 1970களின் பிற்பகுதியில் வெளிநாட்டு ஏற்றுமதி தொடங்கி, 1980களில் வெள்ளம்போல் பெருகியது. மேனாட்டார் வெள்ளைத் துணியை மட்டும் கேட்கவில்லை. சிவப்பும், நீலமும், கறுப்புமாகப் பல வண்ணங்களில் பருத்தி ஆடைகளைக் கேட்டனர். அதனால் ஆற்றின் இரு கரையிலும் சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் நூற்றுக்கணக்கில் எழுந்தன.

இங்குச் சாயத்தின் வரலாற்றைச் சிறிது காண்பது பொருந்தும். 1856ஆம் ஆண்டில், பதினெட்டு வயது இளைஞரான வில்லியம் பெர்க்கின் இலண்டனில் முதல் செயற்கைச் சாயம் ஒன்றைக் கண்டார். கொய்னா மருந்தைச் செய்ய முனைந்தவர் கையில் ஊதா நிறம் கிடைத்தது. அதன் பின்னர்ப் பற்பல சாயங்கள் வந்தன. ஆயினும் பருத்திநூலைப் பற்றி நின்று, எத்தனை முறை வெளுத்தாலும் மங்காத ஒளிமிக்க சாயத்துக்கு உலகம் இன்னும் ஒரு நூற்றாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. 1954இல் இங்கிலாந்தில் ராட்டி, ஸ்டீபன் என்னும் இரு வேதியியலார், பருத்தி இழையோடு வேதிமுறையில் பிணைந்து ஒன்றாகிவிடும் சாயத்தைக் கண்டறிந்தனர். 1956இல் அது விற்பனைக்கு வந்தது. அதனை வினைபுரி சாயம் என்பர். திருப்பூரின் வண்ணங்கள் பெரும்பாலும் இவ்வகைச் சாயத்தால் வந்தவையே.

இச்சாயத்துக்கு ஓர் இயல்பு உண்டு. நீரில் நனைந்த பருத்தி இழையின் மேற்பரப்பு எதிர் மின்னூட்டம் பெறுகிறது. நீரில் கரைந்த சாயமும் எதிர் மின்னூட்டம் உடையதே. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளும் என்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். தள்ளி நிற்கும் இவ்விரண்டையும் எவ்வாறு சேர்த்துவைப்பது? அதற்குத்தான் உப்பு. சாயத்தொட்டியில் உப்பை மிகுதியாகக் கரைத்தால் அத்தள்ளுவிசை அடங்குகிறது. சாயம் இழையை நாடிச் செல்கிறது. இதற்குச் சமையல் உப்பாகிய சோடியம் குளோரைடையோ, கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட்டையோ பயன்படுத்துவர். அடர்ந்த நிறமானால் ஒரு லிட்டர் நீருக்கு 80 முதல் 100 கிராம் வரைகூட உப்பு வேண்டும். கடல் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புத்தான் உண்டு. கடலினும் உப்பான நீரில்தான் நம் வண்ணச் சட்டைகள் பிறக்கின்றன!

இந்த உப்பு துணியில் தங்குவதில்லை. பெண்ணையும் மாப்பிள்ளையையும் சேர்த்துவைத்த தரகர், திருமணம் முடிந்ததும் பந்தியில் அமராமலே போய்விடுவது போல, சாயத்தைத் துணியோடு சேர்த்துவிட்டு உப்பு முழுவதும் கழிவு நீரோடு வெளியேறுகிறது. உள்ளே இட்ட ஒரு மூட்டை உப்பு, ஒரு மூட்டையாகவே வெளியே வந்துவிடும். துணியில் ஒட்டாத சாயமும் அதனுடன் வரும். பின்னர்ப் பன்முறை அலசும் நீரும் சேர்வதால் உப்பின் செறிவு குறையுமாயினும், லிட்டருக்குப் பல கிராம் உப்பு அக்கழிவு நீரில் எஞ்சியிருக்கும். நிலத்தின் நீர்நிலைகளில் விடப்படும் கழிவில் கரைந்த பொருள் லிட்டருக்கு 2,100 மில்லி கிராமுக்கு மேற்படக்கூடாது என்பது தமிழகத்தில் வகுக்கப்பட்ட அளவு. சாயக் கழிவு அதனைப் பன்மடங்கு கடந்து நின்றது.

நொய்யல் பேராறாக இருந்திருந்தால் இவ்வுப்பை நீர்க்கச் செய்து காவிரிக்கும் கடலுக்கும் கொண்டுபோயிருக்கக்கூடும். மழையில்லாக் காலத்தில் ஆற்றில் ஓடியதே சாய நீர்தான் என்னும் நிலை வந்தபோது, நீர்க்கச் செய்வதற்கு நீர் ஏது?

இந்நிலையில், திருப்பூருக்குக் கீழ்ப்புறம், சென்னிமலைக்கு அருகே, ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே ஓர் அணை கட்டி முடிக்கப்பட்டது. ஆண்டு 1992. கரூர்ப் பகுதி வரையில் உள்ள நிலங்கள் வளம் பெறும் என்று உழவர் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. மழைநீரைத் தேக்க எழுந்த அணை, சாயக் கழிவைத் தேக்கும் தொட்டியாயிற்று. அணையைத் திறந்து நீர் விடுங்கள் என்று உழவர் வேண்டுவதை நாம் எங்கும் கேட்டிருக்கிறோம். ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே இருந்த உழவரோ, இந்நீரைத் தேக்காதீர்கள், எங்கள் வயலில் விடாதீர்கள் என்று வேண்டினர். தேங்கிய நீர் நிலத்தடியில் இறங்கிச் சுற்றுப்புறக் கிணறுகளையும் உப்பாக்கியது.

உப்பு நீர் பயிரை எவ்வாறு அழிக்கிறது? இரு வழிகளில் அழிக்கிறது. ஒன்று மண்ணின் வழி. சோடியம் மிகுந்த நீர் பாயும்போது, களிமண்ணில் இருந்த கால்சியத்தை வெளியேற்றிவிட்டு அவ்விடத்தைச் சோடியம் பிடித்துக்கொள்கிறது. மண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் சிதறுகின்றன, நீரும் காற்றும் செல்லும் கண்கள் அடைபடுகின்றன, நிலம் இறுகுகிறது. மற்றொன்று வேரின் வழி. வேரின் உட்புறத்துக்கும் மண்நீருக்கும் இடையே மெல்லிய சவ்வு இருக்கிறது. உப்புக் குறைந்த பக்கத்திலிருந்து உப்பு மிகுந்த பக்கத்துக்கே நீர் சவ்வின் ஊடே செல்லும். மண்நீர் உப்பாகிவிட்டால் வேர் நீரை உறிஞ்ச முடியாது தவிக்கும். சுற்றிலும் நீர் நிற்கப் பயிர் தாகத்தால் வாடும். இந்நிகழ்ச்சிக்குச் சவ்வூடு பரவல் என்று பெயர். இப்பெயரை மறவாது வைத்துக்கொள்ளுங்கள். பயிரைக் கொன்ற இதே நியதிதான் பின்னர் ஆற்றைக் காக்கவும் கருவியாயிற்று.

உழவரின் முறையீடு 1990களில் நீதிமன்றம் ஏறியது. அதே காலத்தில் பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகளைப் பற்றிய வழக்கொன்றில், 1996ஆம் ஆண்டு, நாட்டின் உச்ச நீதிமன்றம் ஒரு முதன்மையான தீர்ப்பை அளித்திருந்தது. மாசு செய்தவரே அதன் சீர்கேட்டுக்கு விலை தரவேண்டும் என்பது அத்தீர்ப்பு வலியுறுத்திய நெறி. தோலைக் கெடாது காக்கவும் உப்புத்தான் தூவப்படுகிறது என்பதும், அவ்வாற்றையும் உப்பு வருத்தியது என்பதும் இங்கு நினைக்கத்தக்கவை.

நீதிமன்றத்தின் ஆணைகளால் திருப்பூரில் 1990களின் பிற்பகுதியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. பல பட்டறைகளின் கழிவை ஓரிடத்துக்குக் குழாய் வழி கொண்டுவந்து தூய்மை செய்வது ஏற்பாடு. சுண்ணாம்பும் இரும்புச் சல்பேட்டும் கலந்து கழிவைக் கலக்கினர். சாயத்தின் பெரும்பகுதி திரண்டு கசடாக அடியில் படிந்தது. மேலே நின்ற நீர் ஓரளவு தெளிந்தது. பார்த்தவர்கள், பிணி தீர்ந்தது என்று எண்ணினர். ஆனால் அந்நீரை வாயில் வைத்தால் கரித்தது. சாயம் திரண்டதேயன்றி உப்பு திரளவில்லை. கலந்த மருந்துகளும் கரைந்து அந்த உப்போடு சேர்ந்துகொண்டன. நான் முதலில் கூறிய இரண்டாவது குவளையின் நீர் இதுதான்.

வேறு முறை ஏதும் இல்லையா? நகரச் சாக்கடை நீரைத் தூய்மை செய்வதற்கு ஒரு சிறந்த முறையை, 1914ஆம் ஆண்டில், மான்செஸ்டர் நகரில் ஆர்டன், லாக்கெட் என்னும் இருவர் வெளியிட்டிருந்தனர். கழிவு நீரில் காற்றைச் செலுத்தி, அதில் வளரும் நுண்ணுயிர்களை வெளியே விடாது மீண்டும் மீண்டும் பயன்படுத்தி, அழுக்கை அவற்றுக்கு இரையாக்குவதே அம்முறை. உலகெங்கும் இன்றளவும் அது வழக்கில் உள்ளது. ஆலைக் கழிவில் உள்ள மாச்சத்தையும், வழலையையும், சாயத்தில் ஒரு பகுதியையும் நுண்ணுயிர் உண்டுவிடும். ஆனால் சோடியத்தையும் குளோரைடையும் உண்டு அழிக்கும் உயிர் உலகில் இல்லை. நெருப்பு அவற்றை எரிக்காது. காலமும் மட்கச் செய்யாது. உப்பை அழிக்க முடியாது; ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றத்தான் முடியும். இக்கழிவைத் தூய்மை செய்வதன் தனி இடர் இதுவே.

உப்பை நீரிலிருந்து பிரிப்பதற்கு வழிகாட்டிய வரலாறு 1748இல் தொடங்குகிறது. நொல்லே என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், சாராயம் நிறைந்த ஒரு கலத்தின் வாயைப் பன்றியின் நீர்ப்பையால் இறுகக் கட்டி, நீரில் மூழ்க வைத்தார். சில மணி நேரத்தில் அத்தோல் புடைத்து எழுந்தது. ஊசியால் குத்தியபோது உள்ளிருந்தது பீச்சியடித்தது. வெளியில் இருந்த நீர் தோலின் ஊடே புகுந்துவிட்டது என்று அவர் உணர்ந்தார். அவ்வாறு புகும் நீரின் விசையைக் கணக்கிடும் நியதியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வாண்ட் ஹாஃப் என்னும் டச்சு அறிஞர் வகுத்தார். 1901இல் வேதியியலுக்கு முதன்முதலாக வழங்கப்பட்ட நோபெல் பரிசு அவருக்கே கிடைத்தது. கடல் நீரைப் பொறுத்தவரை அவ்விசை காற்றழுத்தத்தைப் போல் இருபத்தைந்து மடங்குக்கு மேல் ஆகும்.

இனி ஒரு கேள்வி எழும். அவ்விசையினும் மிகுந்த அழுத்தத்தை உப்பு நீரின் பக்கமிருந்து கொடுத்தால் என்ன ஆகும்? நீர் திரும்பி ஓடும்; உப்பு பின்தங்கும். ஏட்டில் எளிதாகத் தோன்றிய இதனைச் செய்துகாட்ட, உப்பை மறித்து நீரை மட்டும் விடும் சவ்வு வேண்டும். 1950களில் அமெரிக்காவில் புளோரிடா பல்கலைக்கழகத்தார், செல்லுலோஸ் அசெடேட் என்னும் பொருளால் ஆன படலம் உப்பை மறிக்கிறது என்று கண்டனர். ஆனால் நீர் துளித்துளியாகவே கசிந்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும், இந்தியாவில் பிறந்து அமெரிக்கா சென்ற சீனிவாச சௌரிராஜன் என்பவரும் இதனை ஆராய்ந்தனர். தாங்கள் சோதித்த ஒரு படலம், ஒரு பக்கம் மேலாக வைத்தபோது பயன் தந்தது. திருப்பி வைத்தபோது தரவில்லை. அதிலிருந்து, மேலே மிக மெல்லிய தோலும் கீழே நுண்துளை மிகுந்த தாங்கு பகுதியும் கொண்ட சவ்வே வேண்டும் என்று தெளிந்து, 1960ஆம் ஆண்டையொட்டி அத்தகைய சவ்வை உருவாக்கினர். நீர் வரத்து பன்மடங்கு பெருகியது. 1965இல் கலிபோர்னியாவில் கோலிங்கா என்னும் சிற்றூர், இம்முறையால் உவர் நீரை நன்னீராக்கித் தன் மக்களுக்கு வழங்கியது. எதிர்ச் சவ்வூடு பரவல் என்று இதற்குப் பெயர். இன்று நம் வீடுகளிலும் இதன் சிறிய வடிவம் புகுந்துவிட்டது.

நொய்யலுக்குத் திரும்புவோம். 2003இல் ஆயக்கட்டு உழவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் மீண்டும் வழக்குத் தொடுத்தனர். 2006ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் தீர்ப்பு வந்தது. சாயக் கழிவில் ஒரு துளியும் ஆற்றில் விழக்கூடாது. குறித்த கெடுவுக்குள் அதற்கான பொறிகளை நிறுவ வேண்டும். அதுவரையில் வெளியேற்றும் கழிவுக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை தண்டம் செலுத்த வேண்டும். அணையைத் தூய்மை செய்யும் செலவையும் பட்டறையாளரே ஏற்க வேண்டும் என்பன அதன் சாரம். பட்டறையாளர் உச்ச நீதிமன்றம் சென்றனர். 2009ஆம் ஆண்டு அக்டோபரில் அம்மன்றமும் தீர்ப்பை உறுதிசெய்து, மூன்று திங்கள் கெடு அளித்தது.

ஆணை பிறந்தது, நிறைவேற்றுவது எளிதாக இல்லை. இதற்குக் காரணம் யாது? சவ்வு நூறு குடம் கழிவில் எண்பது குடத்துக்கு மேல் நன்னீராகத் தந்துவிடும். ஆனால் அந்த நூறு குடத்து உப்பும் எஞ்சிய சில குடங்களில் வந்து சேரும். நீர் குறைந்தது; உப்பு குறையவில்லை. அச்செறிந்த உவர் நீரை என் செய்வது? ஆற்றில் விடலாகாது. காய்ச்சி வற்றச் செய்யலாம் என்றால் எரிபொருள் வேண்டும். ஒரு கிலோ நீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்கு உயர்த்த 70 கிலோ கலோரி வெப்பம் போதும். அதனை ஆவியாக்கவோ மேலும் 540 கிலோ கலோரி வேண்டும்.

இச்செலவைக் குறைக்கும் வழியையும் வரலாறு முன்னரே கண்டு வைத்திருந்தது. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1806இல் பிறந்தவர் நார்பெர்ட் ரில்லியு. அவருடைய தாயார் அடிமைத்தளையில் இல்லாத கறுப்பினக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அக்காலத்தில் கரும்புச் சாற்றைத் திறந்த கொப்பரைகளில் காய்ச்சினர். கொதிக்கும் சாற்றை ஒரு கொப்பரையிலிருந்து மறு கொப்பரைக்கு முகந்து ஊற்றும் கொடிய வேலை அடிமைகளின் தலையில் விழுந்தது. பாரிஸில் பொறியியல் கற்றுத் திரும்பிய ரில்லியு, முதற் கலத்தில் எழும் ஆவியை வீணாக்காமல் இரண்டாவது கலத்தைச் சூடேற்றவும், அதன் ஆவியை மூன்றாவது கலத்துக்கும் பயன்படுத்தினார். பின்வரும் கலங்களில் காற்றழுத்தம் குறைக்கப்பட்டிருப்பதால் அங்கே குறைந்த வெப்பத்திலேயே நீர் கொதிக்கும். உதகமண்டலத்தில் சமவெளியைவிடக் குறைந்த வெப்பத்தில் நீர் கொதிப்பதை இங்கு எண்ணிப் பார்க்கலாம். 1840களில் அவர் காப்புரிமை பெற்ற இவ்வமைப்புத்தான், ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் திருப்பூர்ச் சாயக் கழிவின் உவர் நீரை வற்றச் செய்ய வந்தது.

இத்தனை இருந்தும் வெற்றி உடனே கிட்டவில்லை. உவர் நீர் கலங்களில் பொருக்குத் தட்டியது, சவ்வுகள் அடைபட்டன, செலவு எண்ணியதை மீறியது. சில இடங்களில் கழிவு மறைவாக ஆற்றுக்கும் சென்றது. இறுதியில் 2011ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள், சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடுமாறு உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. சாயமில்லையேல் பின்னலும் தையலும் தடைப்படும் அல்லவா? வேலையிழந்த தொழிலாளர் பலர் மூட்டை முடிச்சோடு சொந்த ஊர் திரும்பினர். ஒரு பக்கம் நிலம் இழந்த உழவர். மறுபக்கம் கூலி இழந்த தொழிலாளி. இருவரும் எளியவரே. உழவர் பன்னெடுங்காலம் சுமந்த துன்பத்தின் பளு, தொழிலாளியின் தலைக்கு இப்போது மாறியது. உப்பைப் போலவே துன்பமும் அழியாமல் இடம் மாறியது எனலாம்.

அந்நெருக்கடியில் ஒரு புதிய எண்ணம் வலுப்பெற்றது. உவர் நீரைக் கழிவு என்று கருதி வற்றச் செய்வதற்கு மாறாக, அதனைச் சரக்காகக் கருதினால் என்ன? அதில் இருப்பது சாயத்தொட்டிக்கு வேண்டிய உப்புத்தானே! அந்த உவர் நீரிலிருந்து நிறத்தையும் கடினத்தன்மையையும் நீக்கிவிட்டால், அதையே மீண்டும் சாயத்தொட்டியில் ஊற்றலாம். தமிழ்நாடு நீர் முதலீட்டுக் கழகம் அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் இம்முறையைச் செயற்படுத்திக் காட்டியது. மாநில அரசு, சுத்திகரிப்பு நிலையங்களைச் சீர்செய்ய வட்டியில்லாக் கடனாக 200 கோடி ரூபாய் வழங்க முன்வந்தது. நிலையங்கள் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட்டு, பட்டறைகள் படிப்படியாக மீண்டும் இயங்கின.

இம்முறைக்குப் பழைய அறிவொன்றும் துணை செய்தது. ஜெர்மனியில் 1604இல் பிறந்து 1670இல் மறைந்த கிளாபர் என்பவர் சோடியம் சல்பேட்டை ஆராய்ந்து அதற்கு அற்புத உப்பு என்று பெயரிட்டார். அவர் பெயரையே இன்றும் அது தாங்கி நிற்கிறது. அதன் அற்புதம் இது: 32 பாகை வெப்பத்தில் நூறு கிராம் நீரில் ஏறக்குறைய 50 கிராம் கரையும், பனிக்கட்டி நிலைக்குக் குளிர்வித்தால் 5 கிராம் அளவே கரையும். எஞ்சியது படிகமாகிக் கீழே விழும். சமையல் உப்போ, சூட்டிலும் குளிரிலும் ஏறத்தாழ ஒரே அளவில் கரையும். ஆகவே கலந்த உவர் நீரைக் குளிர்வித்தால் கிளாபர் உப்பைத் தனியே பிரித்து எடுக்கலாம். பட்டறையாளர் பலர் சமையல் உப்பை விடுத்துக் கிளாபர் உப்பைக் கைக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வாறு, கழிவில் உள்ள நீரும் உப்பும் பட்டறைக்கே திரும்பலாயின. எங்கோ ஆற்றில் நீர் மொண்டு, எங்கோ கடலோரத்தில் உப்பு வாங்கி, இரண்டையும் கெடுத்துக் கொட்டிய தொழில், அதே நீரையும் அதே உப்பையும் சுழற்றிப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டது. உலகில் வேறு பல தொழில் நகரங்களும் இதனை உற்று நோக்கின.

ஆயினும் கதை முற்றும் இனிதாக முடிந்துவிட்டது என்று கூறுவது உண்மையாகாது. பொறிகளை இயக்க மின்சாரமும் விறகும் மிகுதியாக வேண்டும். எத்துணை பிரித்தாலும் இறுதியில் கலப்பு உப்பு என்னும் பயனற்ற எச்சம் ஒன்று மிஞ்சுகிறது. மழையில் கரைந்து மீண்டும் மண்ணில் இறங்காதவாறு அதனை மூட்டை கட்டிக் கூரையின் கீழ்க் காக்க வேண்டியுள்ளது. ஆண்டுக்கணக்கில் உப்பு இறங்கிய நிலமும் கிணறும் ஒரு தீர்ப்பால் தேறிவிடுவதில்லை. நன்மழை பல பெய்து உப்பை அலசிக் கொண்டுபோக வேண்டும். குறைந்த உப்பில் பற்றும் சாயங்களைத் தேடும் முயற்சியும் நடைபெறுகிறது. உப்பே இடாவிட்டால் உப்பை எடுக்க வேண்டிய தொல்லையும் இல்லையன்றோ?

மாணவ நண்பர்களே! இவ்வரலாற்றில் வந்த கண்டுபிடிப்புக்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். நொல்லேயின் நீர்ப்பை 1748. ரில்லியுவின் கலங்கள் 1840கள். லோப், சௌரிராஜன் சவ்வு 1960. கிளாபரின் உப்போ பதினேழாம் நூற்றாண்டு. ஒரத்துப்பாளையம் அணை எழுந்த 1992ஆம் ஆண்டில் இவற்றுள் ஒன்றும் புதிதன்று. அறிவு இருந்தது, அதனைத் தேடும் தேவை தொழிலுக்குத் தோன்றவில்லை. கழிவை ஆறு சுமக்கும் வரையில் செலவு உழவருடையதாக இருந்தது. அச்செலவு பட்டறையின் கணக்கேட்டில் ஏறிய பின்னரே, நூலகத்தில் உறங்கிய அறிவு திருப்பூர் வரை நடந்து வந்தது. அதனை நடக்க வைத்தவர்கள், வேதியியல் அறியாத, உப்பின் கரிப்பை நாவால் அறிந்த, நொய்யல் ஆயக்கட்டு உழவர்கள்.

நீங்கள் உடுத்தியிருக்கும் வண்ணச் சட்டையில் அந்த உப்பின் ஒரு கல்லும் இராது. அணிந்து மகிழும் நாளில், அந்த உப்பு எங்கே போயிற்று என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நொய்யல் கரையில் அக்கேள்வியை உரிய காலத்தில் கேட்டிருந்தால் இருபது ஆண்டுகள் மிஞ்சியிருக்கும்.